கால் நனையாமல், விறைக்காமல்: குளிர்கால சைக்கிள் பூட்ஸில் எது யாருக்கு?

குளிர் தொடங்கியதும் சைக்கிளை மூலையில் சாத்திவைப்பவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். சறுக்குகிறது, சீக்கிரம் இருட்டிவிடுகிறது என்பதைவிட "கால் தாங்கலை" என்ற பதில்தான் அதிகம் வரும். மிதிக்க மிதிக்க உடம்பு சூடேறிவிடும். கைக்கு ஓரளவு நல்ல கையுறை போதும். கால்விரல்கள்தான் அரை மணியில் மரத்து, ஒரு மணியில் இருக்கிற இடமே தெரியாமல் போய், வீட்டுக்கு வந்து மறுபடி ரத்தம் ஓடத் தொடங்கும்போது சுரீர் சுரீரென்று வலிக்கும். அந்த வலியை நினைத்துக்கொண்டே கடைக்குப் போகிறவரின் கை, இருப்பதிலேயே கனமான, உள்ளே பஞ்சு அதிகமான பூட்ஸைத்தான் தானாகத் தேடும்.

அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். என் கணிப்பில் தடிமன் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். உங்கள் கால் எந்த வழியாக நனைகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால், எதை வாங்குவது என்பது பாதி முடிவாகிவிடும். சிலருக்குத் தனி பூட்ஸே தேவைப்படாது என்றும் தெரியவரும்.

கால் மட்டும் ஏன் இப்படி?

உடம்புக்குக் குளிர் உறைத்ததும் அது முதலில் காப்பாற்றுவது இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றை. கைகால் நுனிகளுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சூட்டை நடுவுடம்பில் தேக்கிக்கொள்ளும். இதில் அதிகம் அடிபடுவது கால்விரல். இதயத்திலிருந்து தொலைவு அதிகம். தானே சூடு உண்டாக்கிக்கொள்ளத் தசையும் இல்லை. நடக்கும்போதாவது ஒவ்வோர் அடிக்கும் பாதம் வளைந்து நிமிரும். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் விறைப்பானது. மிதிக்கும் வலு வீணாகாமல் இருக்க அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் தொடை எவ்வளவு வேலை செய்தாலும் பாதம் ஒரே நிலையில் கிடக்கும்.

அதோடு காற்று. அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் கணக்குப்படி, வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 25 கி.மீ. காற்று அடித்தால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 6 போல உறைக்கும். மைனஸ் 10 என்றால் மைனஸ் 19 போல. வெளியே காற்றே இல்லாத நாளிலும், 25 கி.மீ. வேகத்தில் ஓட்டுகிறவர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். இந்தக் கணக்கு திறந்திருக்கும் முகத்துக்கானது, ஷூ போட்ட காலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வலைத்துணி வைத்த கோடைக்கால ஷூ காற்றைத் தடுப்பதே இல்லை என்பதால், அதைப் போட்டிருக்கும் காலுக்கு இந்தக் கணக்கு வெகு தொலைவில் இல்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது ஈரம். எந்தப் பூட்ஸிலும் காலைச் சூடாக வைத்திருப்பது பஞ்சோ கம்பளியோ தனியாக இல்லை; அவற்றின் இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கியிருக்கும் காற்று. தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு சூட்டைக் கடத்தும். அதனால்தான் மழை தூறும் 4 டிகிரி நாளில் கால் படுகிற பாடு, காய்ந்த மைனஸ் 4 டிகிரி நாளில் இருப்பதில்லை. உறைநிலைக்கு மேலேயே, நெடுநேரம் ஈரக்குளிரில் இருக்கும் காலின் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப்போக முடியும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கான வீரர்களின் கால்களை வீணாக்கியது இந்த ஈரக்குளிர்தான்.

மரத்துப்போவதைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1980-ல் பெல்ஜியத்தில் பனி கொட்டிய லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் சைக்கிள் பந்தயத்தில் புறப்பட்ட 174 பேரில் 21 பேர்தான் முடித்தார்கள். வென்றவர் பெர்னார் இனோ. அன்று கைவிரல்களில் ஏற்பட்ட பாதிப்பு பின்னாளிலும் அவரை விடவில்லை. உலகின் தலைசிறந்த வீரருக்கே அந்த நிலை என்றால், வேலைக்குப் போய்வருகிறவர் உணர்வற்ற விரல்களோடு ஓட்டிக்கொண்டிருக்க எந்த அவசியமும் இல்லை. குளிர் பட்டதுமே விரல்கள் வெளுத்து நீலமாகிற ரேனாட் பிரச்சினை உள்ளவர்களும், சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பூட்ஸ் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

சாக்ஸைப் பாருங்கள், அது சொல்லும்

அடுத்த முறை நனைந்து வீடு திரும்பியதும் சாக்ஸைக் கழற்றி உடனே துவைக்கப் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிர் நிற சாக்ஸாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

விரல் நுனியும் பாதத்தின் மேல்பக்கமும் நனைந்து, சாம்பல் நிற அழுக்கும் படிந்திருந்தால், அது முன்சக்கரம் வாரியடித்த தண்ணீர். பாதத்தின் அடியில், பெருவிரலுக்குச் சற்றுப் பின்னால், வட்டமாக ஒரு கறை மட்டும் இருந்தால் தண்ணீர் கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் உலோகத் துண்டு) திருகும் துளைகள் வழியாக ஏறியிருக்கிறது. கணுக்காலைச் சுற்றிலும் நனைந்து அந்த ஈரம் குதிகால் வரை இறங்கியிருந்தால், கால்சட்டை வழியாக வழிந்த மழைநீர் பூட்ஸின் வாய்க்குள் போயிருக்கிறது. அழுக்கே இல்லாமல், சாக்ஸ் முழுக்க ஒரே சீராக ஈரம் பரவியிருந்தால் அது வெளியிலிருந்து வந்த தண்ணீரே இல்லை. உங்கள் வியர்வை.

இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. வியர்வையால் நனைகிறவர் இன்னும் தடிமனான பூட்ஸ் வாங்கினால் இன்னும் அதிகமாக வியர்த்து, இன்னும் அதிகமாகக் குளிரும். வாய் வழியாகத் தண்ணீர் புகுகிறவர் எவ்வளவு உயர்ந்த நீர்புகா பூட்ஸ் வாங்கினாலும் பயனில்லை. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வரவும் வழியில்லாமல், பூட்ஸ் சொதசொதவென்று தேங்கி நிற்கும். அவருக்கு வேண்டியது பூட்ஸின் கழுத்துக்கு மேலே விழும்படியான மழைக்கால்சட்டை. கால்சட்டையை பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடுகிற பழக்கமும் வேண்டும். செலவே இல்லாத திருத்தம் இது.

முன்சக்கரத் தண்ணீருக்கு முதல் மருந்து மட்கார்டு. முழுநீள மட்கார்டும், அதன் கீழ்முனையில் தரையை ஏறக்குறைய தொடும் அளவுக்கு ஒரு ரப்பர் மடிப்பும் இருந்தால், காலில் அடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி நின்றுவிடும். கடையில் கிடைக்கும் மட்கார்டுகளில் பல அந்த மடிப்பில்லாமல் பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. பழைய டியூப் துண்டையோ தடித்த பிளாஸ்டிக்கையோ வெட்டித் திருகிக்கொண்டால் போதும். மிகவும் விலை உயர்ந்த பூட்ஸைவிட இந்த ஒரு துண்டு ரப்பரை நான் அதிகம் நம்புவேன்.

இவ்வளவும் செய்த பிறகும் கால் குளிர்கிறதா? சரி, இனி வழிகளைப் பார்ப்போம்.

இருக்கிற ஷூவுக்கு மேலுறை

முதல் வழி, கோடைக்கால ஷூவையே வைத்துக்கொண்டு அதன்மேல் ஓவர்ஷூ மாட்டுவது. நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்தவை சற்று வெதுவெதுப்பானவை. பாலியூரித்தேன் பூசிய மெல்லிய துணியில் செய்தவை மழையையும் காற்றையும் தடுக்கும், அதிகச் சூடு தராது. விரல்பகுதியை மட்டும் மூடும் குட்டி உறையும் உண்டு. 10 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ந்த நாளில் அதுவே போதும்.

வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல், ஓட்டம் ஒரு மணி நேரத்துக்குள், வழியில் இறங்கி நடப்பது அரிது என்றால் இதற்குமேல் செலவழிக்க வேண்டியதில்லை. பலவீனம் அடிப்பக்கத்தில்தான். கிளீட்டுக்காகவும் குதிகாலுக்காகவும் அங்கே திறப்பு விட்டிருப்பார்கள். தண்ணீர் அந்த வழியே ஏறும். கிழிசல் தொடங்குவதும் அங்கேதான். சிக்னலில் கால் ஊன்றி, கடைவரை நடந்து என்று புழங்குகிறவரிடம் ஓவர்ஷூ ஒரு பருவம் தாண்டுவது கஷ்டம். பின்பக்க ஜிப்பை ஈரக் கையால் இழுத்து மூடுவதும் பொறுமையைச் சோதிக்கும்.

இறுக்கமாக மேலே மாட்டும்போது அது ஷூவை அழுத்தும், ஷூ விரலை அழுத்தும். ஏற்கெனவே கச்சிதமாகப் பிடிக்கிற பந்தய ஷூ வைத்திருப்பவருக்கு ஓவர்ஷூ போட்ட பிறகு குளிர் கூடியது போலத் தோன்றினால் அதற்கு இதுவே காரணம்.

நீர்புகா சாக்ஸ்

சீல்ஸ்கின்ஸ், டெக்ஸ்ஷெல் போன்றவை இந்த வகை. வெளியே ஒரு பின்னல், உள்ளே ஒரு பின்னல், நடுவில் நீர்புகாப் படலம். கால் நனையாது என்பது உண்மை. ஆனால் ஷூ நனையும். நனைந்த ஷூ காற்றில் உலர்ந்துகொண்டே காலிலிருந்து சூட்டை உறிஞ்சும், மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். சாக்ஸும் தடிமன் என்பதால் வழக்கமான அளவு ஷூவுக்குள் அடங்காது. மழை அதிகம், உறைபனி இல்லை, ஷூவும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்றால் இதற்கு நான் ஆதரவு. பையில் மடித்து வைத்துக்கொண்டால் திடீர் மழைக்கு உதவும். குளிர்காலம் முழுவதையும் இதைக் கொண்டே ஒப்பேற்ற முடியாது.

கிளீட் பூட்டும் குளிர்கால பூட்ஸ்

பெரும்பாலானவர்கள் தேடுவது இதைத்தான். கணுக்காலுக்கு மேல்வரை ஏறும் கழுத்து, அதை இறுக்கிப் பிடிக்கும் நியோப்ரீன் பட்டை, உள்ளே நீர்புகாப் படலம், மெல்லிய வெப்பக்காப்பு, அடியில் இரு திருகு கிளீட் பொருத்தும் வசதி. ஷிமானோவின் எம்டபிள்யூ வரிசை, நார்த்வேவின் செல்சியஸ், ராப்டர் வரிசைகள், ஃபிஸிக்கின் ஆர்டிகா ஆகியவை இந்த ரகம். மாடல் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அடிப்படை மாறாது.

இவற்றில் பல கோர்-டெக்ஸ் படலம் கொண்டவை. 1969-ல் பாப் கோர் சூடாக்கிய டெஃப்லான் தண்டைச் சட்டென்று இழுத்தபோது, அது அறுந்துவிடாமல் நுண்துளைகள் நிறைந்த படலமாக நீண்டது. அங்கிருந்து பிறந்தது இது. துளைகள் தண்ணீர்த்துளியைவிட மிக மிகச் சிறியவை, நீராவி மூலக்கூறைவிடப் பெரியவை. அதனால் மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியேற முடியும். இது விளம்பரத்தில் வரும் பகுதி. விளம்பரம் சொல்லாத பகுதியும் உண்டு. ஆவி தானாக வெளியே போகாது; உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். வெளித்துணியில் பூசிய நீர்விலக்குப் பூச்சு தேய்ந்து துணி ஊறிப்போனால், படலத்தின் வெளிப்பக்கம் தண்ணீர்ச் சுவர் எழும்பிவிடும். அப்புறம் ஆவி எங்கே போவது? பூட்ஸ் ஒழுகுகிறது என்று புகார் சொல்கிறவர்களில் ஒரு பகுதியினரின் கால் நனைந்தது இப்படித்தான். பூட்ஸ் ஒழுகவில்லை, சுவாசிப்பதை நிறுத்திவிட்டது.

மைனஸ் 15-க்குக் கீழே போனால் இன்னொரு சிக்கல். ஆவி வெளித்துணியை எட்டுவதற்குள்ளேயே குளிர்ந்து, வெப்பக்காப்புக்குள் பனியாக உறைந்துவிடும். அதனால் இந்த ரக பூட்ஸின் பொற்காலம் என்று 5 டிகிரியிலிருந்து மைனஸ் 5 அல்லது மைனஸ் 7 வரையிலான பகுதியைச் சொல்வேன். ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டம், மழையும் உருகும் பனியும் கலந்த சாலை, கிளீட் இல்லாமல் ஓட்டப் பிடிக்காத ஆள். இந்த மூன்றும் பொருந்தினால் தயங்காமல் வாங்கலாம். கழுத்துப் பகுதியை மட்டும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். உங்கள் கணுக்காலைச் சுற்றி ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் மழையும் நுழையும்.

கடுங்குளிருக்கான கனமான பூட்ஸ்

45நார்த் நிறுவனத்தின் வுல்வ்ஹாமர், வுல்ஃப்கார், லேக் நிறுவனத்தின் எம்எக்ஸ்இசட் வரிசை போன்றவை அடுத்த படி. பனிச்சறுக்கு பூட்ஸுக்கும் சைக்கிள் ஷூவுக்கும் நடுவில் நிற்பவை. விரல்பகுதி அகலம், வெப்பக்காப்பு அதிகம், எடையும் அதிகம். வுல்ஃப்காரில் உள்ளுறை தனியாகக் கழன்று வரும். வாங்குகிறவர்கள் அதிகம் பொருட்படுத்தாத விஷயம் இது, ஆனால் கடுங்குளிரில் இதைவிடப் பெரிய வசதி இல்லை. வியர்வையும் உறைந்த பனியும் தேங்குவது உள்ளுறையில். அதை உருவி உலர்த்திவிட்டால் மறுநாள் பூட்ஸ் புதிதாகிவிடும். கழற்ற முடியாத பூட்ஸில் அந்த ஈரம் நாள் நாளாகச் சேரும்.

மைனஸ் 7-லிருந்து மைனஸ் 20 வரை, பல மணி நேரம், பனிப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு இவை நியாயமான செலவு. 3 டிகிரி மழையில் அலுவலகம் போகிறவருக்கு இவை தண்டனை. கால் வெந்து வியர்த்து, நனைந்து, பிறகு குளிரும்.

இந்த ரகத்தில் வாங்கும் முன் உங்கள் சைக்கிளைப் பாருங்கள். அகலமான பூட்ஸின் உட்பக்கம் பெடலைத் தாங்கும் கிராங்கில் உரசக்கூடும், குதிகால் பின்சக்கரத்துக்குப் போகும் சட்டத்தில் இடிக்கக்கூடும், நீண்ட மூக்கு திருப்பத்தில் முன் மட்கார்டைத் தட்டக்கூடும். அகல டயர் போட்ட பனி சைக்கிள்களில் பெடல்கள் தள்ளி இருப்பதால் அங்கே பிரச்சினை குறைவு. சாலை சைக்கிளில் நிச்சயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கிளீட்டையே விட்டுவிட்டால்?

சைக்கிள் உலகில் இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் மனதாரச் சொல்கிறேன். வேலைக்குப் போய்வருகிற, நிதானமாக ஓட்டுகிற பெரும்பாலானவர்களுக்கு மிகச் சிறந்த குளிர்கால சைக்கிள் பூட்ஸ், சைக்கிள் பூட்ஸே இல்லை. தட்டைப் பெடலும், வெப்பக்காப்புள்ள சாதாரண மலையேற்ற பூட்ஸும்தான்.

காரணங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. அடியில் துளை இல்லை, உலோகம் இல்லை. சூடு ஒழுகும் வழியும் தண்ணீர் ஏறும் வழியும் ஒரே அடியில் அடைபடுகின்றன. உள்ளே இடம் தாராளம், தடித்த கம்பளி சாக்ஸ் நெருக்கடியில்லாமல் அடங்கும். அடிப்பாகம் கொஞ்சம் வளைவதால் பாதம் அசைகிறது, ரத்தம் ஓடுகிறது. பனியில் இறங்கித் தள்ள வேண்டி வந்தால் சறுக்காமல் நடக்கலாம். சறுக்கி விழப்போகும் நொடியில் காலைத் தரையில் ஊன்றவும் தடையில்லை. பனிக்கட்டி படர்ந்த சாலையில் இந்தக் கடைசி வசதிக்காகவே நான் கிளீட்டைக் கழற்றிவைக்கச் சொல்வேன்.

இது புதியவர்களுக்கான சமரசம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் இன்டர்நேஷனல் ஃபால்ஸிலிருந்து டவர் வரை சுமார் 217 கி.மீ. தூரம் நடக்கும் ஆரோஹெட் 135 பனிப்பந்தயத்தில் வெப்பநிலை மைனஸ் 30-க்குக் கீழே இறங்குவது உண்டு. அங்கே அனுபவசாலிகள் பலர் தட்டைப் பெடலில் பெரிய பனி பூட்ஸோடுதான் மிதிக்கிறார்கள். இறங்கித் தள்ளுவது அங்கே பயணத்தின் ஒரு பகுதி.

குறைகளும் உண்டு. வேகமாக மிதிக்கும்போது கால் பெடலிலிருந்து நழுவலாம். மேடு ஏறும்போது கிளீட் தரும் பிடிமானம் கிடைக்காது. அடிப்பாகம் ரொம்ப மெத்தென்று இருந்தால் நீண்ட தூரத்தில் பாதம் களைக்கும். ஆகவே சற்று விறைப்பான அடிப்பாகம் உள்ள பூட்ஸும், அகலமான, முள் வைத்த பெடலும் பார்த்து எடுங்கள். அலுமினியப் பெடலைவிட நைலான் பெடல் சூட்டைக் குறைவாகவே கடத்தும். தட்டைப் பெடலுக்கென்றே நீர்புகாப் படலத்தோடு ஃபைவ் டென் போன்றவர்கள் செய்யும் ஷூக்களும் உள்ளன. மிதக்குளிருக்கு அவை நன்று, கடுங்குளிருக்கு மெல்லியவை.

பேட்டரி வைத்த சூடேற்றும் சாக்ஸும், ஷூவுக்குள் பாதத்தின் அடியில் போடும் இன்சோலும் கடைசியில் வருகின்றன. ரேனாட் போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கு இவை வரப்பிரசாதம். மற்றவர்களுக்கு, அடிப்படை சரியில்லாத ஷூவை இவை சரியாக்கிவிடாது. குளிரில் லித்தியம் பேட்டரியின் தாக்குப்பிடிக்கும் நேரமும் குறையும், பாதி வழியில் அது நின்றால் திரும்பி வருவதற்கும் வழி யோசித்திருக்க வேண்டும்.

அளவு: அரை அங்குலத்தில் இருக்கிறது எல்லாம்

எந்த வகை எடுத்தாலும் சரி, அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கோடைக்கால ஷூவின் அளவிலேயே குளிர்கால பூட்ஸையும் வாங்குகிறார்கள். தடித்த சாக்ஸ் போட்டதும் விரல்கள் நெருங்கி, சாக்ஸின் காற்றும் நசுங்கி, ரத்த ஓட்டமும் குறைகிறது. நல்ல பூட்ஸ், நல்ல சாக்ஸ், ஆனாலும் கால் ஐஸ்.

கடையில் செய்ய வேண்டியது எளிது. பூட்ஸிலிருந்து இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். குளிர்காலத்தில் போடப்போகும் அதே சாக்ஸோடு அதன்மேல் எழுந்து நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கால் இன்சோலைத் தாண்டி வழியக் கூடாது. ஐரோப்பிய அளவுகளில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் 6.67 மில்லிமீட்டர்தான். ஆகவே ஓர் எண் கூட்டுவது மிகையில்லை, கடுங்குளிர் பூட்ஸில் சிலருக்கு இரண்டு எண்கூடத் தேவைப்படும். நீளத்தைக் கூட்டினால் அகலமும் கொஞ்சம் கூடும், ஆனால் அகலப் பாதம் உள்ளவர்கள் அதை நம்பி இருக்காமல் அகல வார்ப்பில் செய்யும் நிறுவனத்தைத் தேட வேண்டும். லேக் இதில் நல்ல பெயர் எடுத்தது.

போட்டபின் விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அந்த ஜோடி உங்களுக்கில்லை.

இறுக்குவதிலும் கவனம் வேண்டும். பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் ஒன்று பாதத்தின் மேல்பக்கமாகவே ஓடுகிறது. நாடாவுக்குப் பதில் மெல்லிய கம்பியை இறுக்கும் போவா சக்கரத்தைக் கடகடவென்று திருகி அந்த இடத்தை நெரித்தால் விரலுக்குப் போகும் சூடு அங்கேயே தடைபடும். கணுக்காலில் இறுக்கம், பாதத்தின் மேலே தளர்வு. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்ய முடிகிற பூட்ஸ் என்றால் கூடுதல் மதிப்பெண்.

சாக்ஸ் ஒன்றே போதும், கம்பளியாக இருக்கட்டும். தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கம்பளி தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. பருத்தி வேண்டவே வேண்டாம். இரண்டு சாக்ஸ் போடுவதைவிட ஒன்று போட்டு அரை அங்குலம் இடம் விடுவது அதிகச் சூடு தரும். மைனஸ் 15-க்குக் கீழே மட்டும் விதிவிலக்கு. அங்கே மெல்லிய சாக்ஸ், அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் தடித்த கம்பளி சாக்ஸ் என்று அடுக்குவார்கள். கால் கொஞ்சம் பிசுபிசுக்கும், ஆனால் வியர்வை வெப்பக்காப்புக்குள் போய் உறையாது.

கிளீட் துளை என்ற கள்ளவழி

கிளீட் பூட்ஸ்தான் என்று முடிவு செய்தவர்கள் இந்த வேலையை முதல் நாளே செய்துவிட வேண்டும். இன்சோலைத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீளவாக்கில் இரண்டு வெட்டு, அதற்குள் ஒரு உலோகத் தகடு. எஃகு கிளீட், எஃகுத் திருகு, இந்தத் தகடு, அதன்மேல் சில மில்லிமீட்டர் இன்சோல், அதன்மேல் உங்கள் பாதம். குளிரும் தண்ணீரும் நேராக மேலே வர இதைவிட நல்ல பாதை வேண்டாம்.

கிளீட்டின் இடத்தை முதலில் தீர்மானித்து இறுக்கிவிடுங்கள். திருகுகளின் மரையில் கிரீஸ் தடவினால் துருப்பிடிக்காது, ஓரளவு தண்ணீரும் நிற்கும். பிறகு உட்பக்கம் அந்த வெட்டுகளை நன்றாகத் துடைத்து, பூட்ஸோடு வரும் ஒட்டுத்தாளையோ அகலமான நீர்புகா டேப்பையோ ஒட்டுங்கள். பழைய இன்சோலுக்குப் பதில் கம்பளி அல்லது ஃபெல்ட் இன்சோல் போடலாம். ஆனால் அதன் தடிமன் மேலே உள்ள இடத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனியில் நடந்துவிட்டு ஏறும்போது கிளீட்டைச் சுற்றிப் பனி அடைத்து, பெடலில் பூட்டாமல் முரண்டு பிடிக்கும். டைம் அடாக், கிராங்க்பிரதர்ஸ் பெடல்கள் இந்த அடைப்பை நன்றாக வெளித்தள்ளுபவை என்று பெயர் பெற்றவை. பெரும்பாலான குளிர்கால பூட்ஸ் இரு திருகு கிளீட்டுக்கே வருகின்றன என்பதால், மூன்று திருகு சாலைப் பெடல் வைத்திருப்பவர்கள் பெடல் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால்

தினமும் குறைந்த தூரம், மழைதான் எதிரி என்றால்: மட்கார்டு மடிப்பு, மழைக்கால்சட்டை, தட்டைப் பெடல், நீர்புகா மலையேற்ற பூட்ஸ். உறைநிலையை ஒட்டிய நாள்களில் இரண்டு மணி நேரப் பயிற்சி என்றால்: ஓர் எண் கூட்டிய, படலம் வைத்த கிளீட் பூட்ஸ். நெடுநேரப் பனிப்பாதை என்றால்: கழற்றும் உள்ளுறையுள்ள கனமான பூட்ஸ். வருடத்தில் சில வாரம்தான் குளிர் என்றால் ஓவர்ஷூவே தாராளம்.

எதுவாயினும் அதைக் காயவைக்கும் விதம் அதன் ஆயுளை முடிவு செய்யும். ஹீட்டர்மேல் வைத்தால் அடிப்பாகப் பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். இன்சோலை வெளியே எடுத்து, வாயை அகலத் திறந்து, செய்தித்தாளைக் கசக்கி விரல்நுனி வரை திணித்து, அறை வெப்பத்தில் விடுங்கள். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும், அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். உபரியாக ஒரு ஜோடி இன்சோல் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் காலை அவசரத்தில் ஈரத்தில் கால் வைக்க நேராது. மேல்துணியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் பரவத் தொடங்கினால் சேற்றைக் கழுவிவிட்டு நீர்விலக்குத் தெளிப்பான் அடியுங்கள். அதைப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை செய்தால் போதும்.